தாய்க்குப்பி

எங்கள் வீட்டில் பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பேய் இருக்கிற வீடென்றால் கதவு தானாகத் திறக்க வேண்டும், ஜன்னல் படபடவென்று அடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல் ஆள் வைத்துத் தள்ளினாலும் அசையாது, அவ்வளவு துரு. ஆனால் மூன்று பெண்கள் டீ குடிக்கிற அந்த மாடி வீட்டில் தினமும் நாலு டம்ளர் கழுவுகிறோம். நாலாவதை என் தங்கை வேண்டுமென்று வைப்பதில்லை. கை பாட்டுக்கு எடுத்து வைத்துவிடும், டீயையும் ஊற்றிவிடும். அது ஆறி ஆடை கட்டின பிறகு அவள் மாமியார் எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

நான் தையல்காரி. கீழ் வீட்டில் என் மெஷின் ஓடும், மாடியில் தங்கையும் அவள் மாமியாரும் இருக்கிறார்கள். அவள் அத்தை என்று கூப்பிடுவதால் நானும் அத்தை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என் புருஷன் கதை வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம். இது தங்கையின் கதை.

அவள் கெமிக்கல் இன்ஜினியர். என்ன வேலை செய்கிறாள் என்று ரொம்ப காலம் எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் என் கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டே விட்டேன். கீழே கிடந்த வெட்டுத் துணிகளைக் காலால் காட்டினாள்.

"இதை என்ன பண்ணுவே?"

"கூட்டி வாரிக் குப்பையில போடுவேன்."

"அப்படிப் போட விடாம பண்றதுதான் என் வேலை."

அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோலைக் கொளுத்துகிறார்களே, அந்த வைக்கோலைத்தான் இவர்கள் வண்டி வண்டியாக வாங்குகிறார்கள். அமிலம் சேர்த்து, பெரிய கொப்பரையில் அழுத்தத்தில் வேகவைத்தால் சர்க்கரைத் தண்ணீர் வருகிறது. அதை ஈஸ்டுக்குக் கொடுத்தால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தை விடுகிறது. அந்தச் சாராயத்தைப் பெட்ரோலில் கலந்து வண்டி ஓட்டலாம். "இவ்வளவு படிச்சு கடைசியில சாராயம் காய்ச்சத்தானா?" என்று நான் கேட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் பங்கு அதோடு முடியவில்லை. வடித்த பிறகு அடியில் நிற்கிற கறுப்புச் சக்கையை என்ன செய்வது, கழிவுத் தண்ணீரை எப்படித் திரும்ப உள்ளே விடுவது, வெளியே போகிற சூட்டை எப்படிப் பிடித்து வைப்பது, இதுதான் அவள் ஆராய்ச்சி. சக்கையை எரித்து அதே கொப்பரையைச் சூடாக்கினாள். தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டாள். யார் எந்தச் சோதனை செய்தாலும் பின்னால் போய் நின்று "மிச்சம் எங்கே?" என்று கேட்பாள். அதனால் அங்கே அவளுக்கு மிச்சம் மேடம் என்று பேர்.

உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் சமமாக இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடமாம். அவளிடம் ஆராய்ச்சி பழகுகிற மாணவர்கள், "கொஞ்சம் குறையுது, ஆவியாப் போயிருக்கும்" என்று மழுப்பினால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். "காணாமப் போச்சுன்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது. நீ தேடலைன்னு அர்த்தம்" என்பாள். நல்ல பேச்சுதான். ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவள் அப்படி ஒரு பாடத்தை மனதில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அவள் வீட்டுக்காரரும் அதே ஆராய்ச்சிக் கூடத்தில்தான் வேலை பார்த்தார். ஈஸ்ட் அவர் பாடு, கொப்பரையும் குழாயும் இவள் பாடு. ரொம்ப நிதானமான மனுஷன். தெருவைக் கடக்க அவரோடு நின்றால் நமக்கு நரை விழுந்துவிடும். டீயைக் கொடுத்தால் உடனே குடிக்க மாட்டார். டம்ளரைச் சுழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். "விஷம் ஒண்ணும் போடலை, குடிங்க மாப்பிள்ளை" என்று நான் கிண்டல் செய்வேன்.

விஷத்தோடுதான் அவருக்கு வேலையே. வைக்கோலை வேகவைக்கும்போது சர்க்கரையோடு சில நஞ்சுகளும் வந்துவிடுகின்றன. சாதாரண ஈஸ்ட் அதில் போட்டதும் மயங்கிவிடும். இவர் ஒரு ஈஸ்டை எடுத்து, முதலில் ஒரு சொட்டு நஞ்சு, அதில் பிழைத்ததை எடுத்து இரண்டு சொட்டு, அதிலும் பிழைத்ததை எடுத்து இன்னும் கொஞ்சம் என்று வருஷக்கணக்கில் பழக்கினார். கடைசியில் நஞ்சுத் தண்ணீரிலேயே அது கொழுகொழுவென்று வளர்ந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஈஸ்டைச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து ஆழ்குளிர்ப் பெட்டியில் உறையவைத்தார். அதற்குத் தாய்க்குப்பி என்று பேர். அவர்கள் தொழிலில் இது கண்டிப்பான சட்டம். குடுவையில் உயிரோடு வளர்கிறதை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி ஊட்டிக்கொண்டே போகலாம், ஆனால் ரொம்ப நாள் போகக் கூடாது. கொஞ்ச காலத்தில் அதை விட்டுவிட்டு, உறைந்திருக்கிற தாயிடம் திரும்பிப் போய்ப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஏன் என்று நான் கேட்டதற்கு மாப்பிள்ளையே சொன்னார். "வளர்றது மாறிக்கிட்டே இருக்கும் அண்ணி. நடுவுல வேற எதுவாவது நுழைஞ்சிடும், நமக்கே தெரியாது. உறைஞ்சது அப்படியே இருக்கும்."

ஒருநாள் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான். டப்பாவைப் பக்கத்தில் நின்றவர் கொண்டுவந்து கொடுத்தார், திறக்காமல் இருந்தது.

எல்லாம் முடிந்து, தங்கை முதன்முதலாக ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் மேஜையைக் காலி செய்யத்தான் போனாள். குடுவைகளைக் குலுக்குகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். அதில் அவர் கடைசியாகச் சர்க்கரை ஊற்றி வைத்த குடுவை வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்ததாம். யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. இவள் அதற்கு ஊட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அத்தை அப்போது சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. அடுத்த ஞாயிறு தங்கை கிளம்பும்போது கட்டிலருகே குனிந்து சொன்னாள்.

"அத்தை, அவர் வளர்த்தது பட்டினி கிடக்கும். போட்டுட்டு வந்துடறேன்."

அத்தை திரும்பிப் பார்த்தார். "என்ன போடுவே?"

"சர்க்கரைத் தண்ணி."

"வயிறு நிறையப் போடு."

அன்று சாயங்காலம் இவள் கதவைத் திறந்தபோது அத்தை எழுந்து உட்கார்ந்திருந்தார். "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

தங்கை செருப்பைக் கழற்றியபடி, "சாப்பிட்டார் அத்தை" என்றாள். அப்புறம் அத்தையும் தட்டை இழுத்துப் போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட வைக்க வந்த வார்த்தை என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். ஆனால் அது நிற்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். தங்கை துவைக்கக் கொண்டுவருகிற தன் வெள்ளைக் கோட்டை அத்தை வாங்கி முகத்தில் புதைத்து மூச்சை இழுப்பார். புளித்த மாவும் பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை அதில் வரும். மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது வந்த அதே வாசனை. "வந்துட்டான்" என்பார். அதற்கு மேல் அந்த அறையில் நிற்க என்னால் முடியாது. மெஷின் வேலை இருக்கிறது என்று கீழே இறங்கிவிடுவேன்.

ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டதால் குடையோடு நானும் போனேன். கட்டிடம் வெறிச்சோடிக் கிடந்தது. நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் பூட்டின கதவுகள், ஒரே ஒரு அறையிலிருந்து மட்டும் அந்த மெஷினின் சத்தம். நாலு சுற்றுக்கு ஒரு கீச். தங்கை உள்ளே போய், "வந்துட்டேன்" என்றாள். என்னிடம் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தீயை ஏற்றி, குடுவையின் கழுத்தைச் சூடுகாட்டி, பழையதிலிருந்து ஒரு கரண்டி அளவு எடுத்துப் புதுச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டாள். பஞ்சை வைத்து மூடினாள்.

"மீதி?" என்று கேட்டேன். மிச்சம் மேடத்திடம் மிச்சத்தைக் கேட்கக் கூடாதா?

பழைய குடுவையை ஆவியில் கொதிக்கவைக்கிற பெரிய குக்கருக்குள் வைத்து மூடிவிட்டு, அது முடிகிற வரைக்கும் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வெறும் கை. மணிக்கட்டு வட்டம் வட்டமாகச் சுழன்றது, டம்ளரைச் சுழற்றுகிற மாதிரி. எனக்கு அந்தக் கை யாருடையது என்று தெரியும். குடையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஆராய்ச்சிக் கூடத்தில் நாள் முழுக்க மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரும் கைவிட்டது. காவலாளி பார்த்தபோது ஆழ்குளிர்ப் பெட்டிக்கு அடியில் குளம் கட்டி நின்றதாம். மாப்பிள்ளை உறையவைத்த தாய்க்குப்பிகள் அத்தனையும் உருகிப் போயின. பெட்டிக்குள் அடித்தட்டில், ஐஸ் பாறைக்குள் புதைந்திருந்த ஒன்று மட்டும் உருகவில்லை என்று நினைத்தார்கள். நினைத்தார்கள், அவ்வளவுதான். உருகி மறுபடி உறைந்ததா என்று பார்த்தால் தெரியாது. திறந்து வளர்த்தால்தான் தெரியும். திறந்தால் அந்தக் குப்பி முடிந்தது.

சட்டப்படி அவள் திறந்திருக்க வேண்டும். குடுவையில் ஓடுகிறதை எப்போதோ நிறுத்திவிட்டுத் தாயிடம் போயிருக்க வேண்டும். மாணவர்கள் இதே தப்பைச் செய்தால் எரித்துவிடுகிற மாதிரி பார்ப்பவள் அவள். ஒரு பெண் தைரியமாகக் கேட்டாளாம், "மேடம், நம்ம குடுவை மட்டும் ஏன் இவ்வளவு வருஷமா ஓடுது?" தங்கை அவளை வேறு மேஜைக்கு மாற்றிவிட்டாள். குப்பியின் மேல் அவர் கையெழுத்து இருக்கிறது. உள்ளே அவர் கையால் அடைத்தது இருக்கிறது. அதைத் திறந்து உள்ளே ஒன்றும் இல்லை என்றால் என்ன செய்வது? திறக்காத வரைக்கும் இருக்கிறது. குடுவையும் சுற்றுகிறது. அவளுக்கு அது போதும்.

அதற்கேற்ற மாதிரி குடுவையும் நன்றாகத் தேறியது. ஒரு வருஷம் திடீரென்று முன்னைவிட வேகமாக வளர்ந்தது, சாராயமும் கூடுதலாக வந்தது. தங்கை மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தாள். "அத்தை, இப்ப நல்லா சாப்பிடறார். நஞ்சைக் கூட்டினாலும் அசரலை!" என்றாள். அவள் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். செத்தவருக்கு உடம்பு தேறினதற்கு மூன்று பேர் இனிப்பு பிஸ்கட் வாங்கித் தின்ற வீடு எங்கள் வீடுதான்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு ஆலையிலிருந்து ஆள் வந்தார்கள். அவள் முறையில், அந்த ஈஸ்டை வைத்து, பெரிய தொட்டியில் செய்து பார்க்கிறோம் என்றார்கள். வீடு உயரத் தொட்டி. ஆராய்ச்சிக் கூடத்து இயக்குநர் தங்கையைக் கூப்பிட்டு, ஈஸ்டுக்கு மாப்பிள்ளையின் பேரையே வைத்துவிடலாம், தொட்டியின் மேலும் எழுதலாம் என்று சொன்னார். அத்தையிடம் சொன்னதும் அவர் எழுந்தார். நல்ல துணி எது இருக்கிறது என்று அலமாரியைத் திறந்தார். அடுத்த நாள் என் கடைக்கு இறங்கி வந்து அளவு கொடுத்தார்.

"பெரிய தொட்டியா? இனிமே அவனுக்கு இடம் பத்தலைங்கிற குறை இருக்காது."

நான் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆலைக்காரர்கள் ஒரே ஒரு சோதனை கேட்டார்கள். எந்தப் புது ஈஸ்டுக்கும் செய்வதுதான். மாப்பிள்ளை ஆரம்பத்திலேயே அதன் மரபணு அடையாளத்தை வெளியூர்ச் சோதனைக் கூடத்தில் பதிந்து வைத்திருந்தார். இப்போது குடுவையில் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். தங்கை அனுப்பிவிட்டு மறந்தேபோனாள். ஒன்றாக இல்லாமல் எங்கே போகும்?

பதில் போனில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் என் கடையில் உட்கார்ந்து கொண்டுவந்ததைத் தின்றுகொண்டிருந்தாள். கை எச்சில் என்பதால் போனை மேஜையில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டாள். சோதனைக்காரப் பெண்ணின் குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது.

"மேடம், சந்தேகமா இருந்ததால ரெண்டு தடவை பார்த்துட்டோம். சார் பதிஞ்சு வச்சதும் நீங்க அனுப்பினதும் ஒண்ணு இல்ல."

"கொஞ்சம் மாறியிருக்கும். வருஷம் ஆயிடுச்சு இல்லையா."

"மாறினது இல்ல மேடம். இது வேற. சொந்தம்கூட இல்ல."

"சொந்தம்கூட இல்லையா?"

"இல்ல மேடம். வெளியிலேர்ந்து நுழைஞ்சிருக்கணும். இருந்ததோட சாப்பாட்டையும் தின்னு, அதை ஒழிச்சுட்டு இது உக்காந்திருக்கு."

போன் அணைந்த பிறகும் தங்கை சோற்றுக் கையோடு அப்படியே இருந்தாள். நான் மெஷினை நிறுத்தினேன். அப்புறம் கேட்டாள்.

"அக்கா, அத்தை கோட்டை மோந்து பாக்கிறதை எப்போ நிறுத்தினாங்க?"

ஆமாம், நிறுத்திவிட்டிருந்தார். எப்போது என்று நினைத்துப் பார்த்தால் பிடிபடவில்லை. துக்கம் ஆறுகிறது போல என்று நான் நினைத்து விட்டிருந்தேன்.

"நல்லா தேறிட்டார்னு ஓடிவந்து சொன்னேனே, அந்த வருஷமா இருக்குமாக்கா?" என்றாள். இரண்டு பேருக்கும் அந்த பிஸ்கட் ஞாபகம் வந்தது.

இயக்குநருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "முன்னைவிட நல்லா வேலை செய்யுது இல்ல? பேரை மட்டும் மாத்திக்கலாம், ஆலைக்கு அனுப்பிடுங்க" என்றாராம். நியாயம்தான், அவருக்கு. இவளுக்கு இனி அந்த ஒரு தாய்க்குப்பிதான் மிச்சம். அதற்குள் உயிர் இருந்தால் அவர் வளர்த்தது இருக்கிறது. இல்லையென்றால் எங்குமே இல்லை. வெள்ளிக்கிழமை அதைத் திறந்து புதுக் குடுவையில் விட்டாள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் அவள் டீயே குடிக்கவில்லை. நாலாவதோடு அவள் டம்ளரும் ஆடை கட்டி நின்றது.

ஞாயிறு மதியம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் சொல்லிக்கொடுத்தாள், "கலங்கலா இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம் அக்கா. தெளிவா இருந்தா இல்ல." பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் ஊசி போடப் போனபோது பிடித்த அதே பிடி.

மெஷினில் இரண்டு குடுவைகள் பக்கத்துப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. பழையது மோர் மாதிரி கலங்கிக் கிடந்தது. அவள் புதியதை எடுத்தாள். ஜன்னலுக்குப் போய், வெளிச்சத்தில் தூக்கி, மணிக்கட்டைச் சுழற்றினாள். குடுவைக்குள் ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் தெரிந்தது. வெளியே நின்ற மரம் தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்தாள். "தேடிட்டேன் அக்கா. எங்கயும் இல்ல" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மெஷின் நாலு சுற்றுக்கு ஒரு கீச் போட்டுக்கொண்டிருந்தது. கிளம்பும்போது பழைய குடுவையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் அத்தை வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தார். மடியில் நான் தைத்துக் கொடுத்த புதுத் துணி.

"அவன் சாப்பிட்டானா?"

தங்கை செருப்பைக் கழற்றவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பிட்டார் என்று சொல்லித் தொலையேன், என்ன கெட்டுவிடப் போகிறது என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"அவர் இல்ல அத்தை."

"இல்லன்னா?"

"அங்க இருக்கிறது அவரோடது இல்ல. ரொம்ப நாளாவே இல்ல. எப்பவோ வேற ஒண்ணு உள்ள நுழைஞ்சிடுச்சு. எனக்குத் தெரியாம போச்சு. நான் அதுக்குத்தான் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. "உங்க பிள்ளை போயிட்டார் அத்தை."

அத்தை விரலால் துணியின் ஓரத் தையலை நெருடிக்கொண்டே இருந்தார். பிறகு, கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அப்போ இத்தனை நாளா சாப்பிட்டது யாரு?"

"தெரியல அத்தை. எங்கேயோ காத்துல கிடந்தது."

"அதுக்கு இன்னைக்குப் போட்டியா?"

தங்கை தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"பட்டினியாவா விட்டுட்டு வந்தே?"

அத்தை துணியை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடி எடுத்தார். மகன் போன பிறகு அந்த பஸ் ஸ்டாப் பக்கமே போகாதவர் அவர். மருந்து வாங்கக்கூடச் சுற்றுவழியில்தான் போவார். அன்றைக்கு நேர்வழியில் எங்களுக்கு முன்னால் நடந்தார். பஸ் ஸ்டாப்பில் சிமெண்ட் பெஞ்சை ஒரு தடவை பார்த்தார், கையால் தடவினார், உட்காரவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

தாழ்வாரத்தில் வெயில் சாய்ந்து கிடந்தது. தங்கை தீயை ஏற்றி, கழுத்தைச் சூடுகாட்டி, எப்போதும் போல் ஒரு கரண்டி எடுத்துப் புதுச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டாள். இந்தத் தடவை வந்துட்டேன் என்று சொல்லவில்லை. மீதி இருந்த பழைய குடுவையைக் குக்கருக்கு எடுத்துப் போகும்போது அத்தை கையை நீட்டித் தடுத்தார்.

"கிட்ட கொண்டு வா."

கலங்கல் குடுவையின் வாயில் மூக்கை வைத்துக் கண்ணை மூடி இழுத்தார். மறுபடி இழுத்தார். திறந்தபோது கண் நிறைந்திருந்தது.

"நடுவுல கோட்டுல வர ஆரம்பிச்சது இந்த வாசனைதான். எனக்கு ஏதோ மாதிரி இருந்ததும்மா. பெத்த பிள்ளை வாசனையே மறந்துபோச்சே, நான் என்ன தாய்னு நெனச்சு, அப்புறம் மோந்து பாக்கிறதையே விட்டுட்டேன்." குடுவையைத் தங்கையிடம் கொடுத்தார். "நான் மறக்கலை. பாத்தியா, நான் மறக்கலை."

தங்கை அவரைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தை அவளை மெல்ல விலக்கிவிட்டு மெஷின் பக்கம் போனார். புதுக் குடுவை வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கூடவே அவர் தலையும் லேசாகச் சுற்றியது.

"யாரு பெத்த பிள்ளையோ," என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. அது பசி தாங்காது."